கிளிப் வந்த தேதி

என் வயிற்றுக்குள் அடுத்தடுத்து இரண்டு கிளிப் போட்டார்கள். முதல் கிளிப் மறுநாளே கழன்று, என்னை எமனிடம் கொண்டுபோய் முகம் காட்டிவிட்டுத் திருப்பி அழைத்து வந்தது. இரண்டாவது கிளிப் நல்ல பிள்ளையாகப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. எனக்கும் என் பெண்டாட்டிக்கும் நடுவே குழப்பம் உண்டாக்கியது அந்த நல்ல பிள்ளைதான்.

நான் மூர்த்தி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். நாளெல்லாம் குனிந்தே வேலை பார்த்ததில் இடுப்பு வலி வந்தது. டாக்டரிடம் போனால் நேரம் ஆகும் என்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வெறும் வயிற்றில் டீயோடு. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. வலி கொஞ்சம் குறைந்தது, வயிறு புண்ணாகிப்போனது. ஒரு பிப்ரவரி மாதக் காலையில், பழுதான மிஷின் ஒன்றின் முன்னால் நின்றபடியே இரத்தமாக வாந்தி எடுத்தேன்.

அதே கம்பெனியில்தான் என் மனைவி நந்தினிக்கும் வேலை. அவள் கையில் இருப்பது ஊசி ரெஜிஸ்டர். தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி அவளிடம் கொண்டுபோக வேண்டும். அவள் லென்ஸ் வைத்து, துண்டோடு துண்டைச் சேர்த்துப் பார்ப்பாள். முழு ஊசி ஆனால்தான் ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டுப் புது ஊசி தருவாள். கடுகளவு குறைந்தாலும் தரமாட்டாள். கம்பியில் கட்டிய காந்தத்தை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் தவழ ஆரம்பித்துவிடுவாள். நாம் செய்வது குழந்தைகள் போடும் ஷூ, அந்தத் துண்டு எந்தக் குழந்தையின் காலில் ஏறுமோ என்பது அவள் கவலை.

ராஜேஷ் என்ற தையல்காரன் ஒருமுறை, தேடச் சோம்பல்பட்டு, வேறொரு ஊசியின் முனையை வைத்து ஒட்டப் பார்த்தான். உடைந்த விளிம்பு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். மேலே சொல்லி அவன் வேலைக்கு உலை வைக்கவில்லை. ஆனால் ஆறு வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "திருடினாக்கூட மன்னிச்சுடுவேன் மாமா. ரெஜிஸ்டர்ல பொய்ய ஒட்டறவன மன்னிக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்போது நான் பலமாகத் தலையாட்டினேன்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, புண்ணில் கசிந்த இரத்தக்குழாயின் வாயைக் கிளிப் போட்டு அடைத்தார்கள். "துணி காயப் போடற கிளிப் மாதிரிதாம்மா, ஆனா அரிசி அளவுதான் இருக்கும்" என்று டாக்டர் நந்தினிக்கு விளக்கினார். மறுநாள் மத்தியானம் அது நழுவிவிட்டது. ஆயிரத்தில் சிலருக்கு அப்படி ஆகுமாம். அந்தச் சிலரில் நான் ஒருவன். கட்டிலுக்கு அருகே நந்தினிதான் பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசின் நிறைந்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள்.

மறுபடி குழாய், மறுபடி கிளிப். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "புண்ணு ஆறினதும் கிளிப் தானா விழுந்து மோஷன்ல போயிடும். தேட வேண்டியதில்ல. ரெண்டு மாசத்துல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் போயிடுச்சானு பாத்துக்கலாம். அது வரைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் மட்டும் எடுக்கக் கூடாது. அது பெரிய காந்தம். இந்தக் கிளிப்ப இழுத்துடும், திரும்ப ரத்தம் வரலாம். வலி மாத்திரை இனிமே தொடவே கூடாது."

"போயிடுச்சுனு நமக்கு எப்படி சார் தெரியும்?" என்று நந்தினி கேட்டாள்.

"தெரியாதும்மா. அது பாட்டுக்குப் போயிடும்."

உடைந்த ஊசி இங்கேதான் எங்கேயோ விழுந்திருக்கும் என்று சொல்பவனை எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள் டாக்டரை. இவள் இதைச் சும்மா விடமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கழிவறை வாசலில் ஒரு பழைய பெயின்ட் டப்பா, ரப்பர் கையுறை, கம்பியில் கட்டிய காந்தம் எல்லாம் தயாராக இருந்தன.

"இன்னா நந்தினி இது?"

"நீ இதுலதான் போகணும். நான் பாத்துக்கறேன்."

"டாக்டரே தேட வேணாம்னு சொல்லிட்டாரே!"

"அவருக்கு இன்னா, சொல்லிட்டு அடுத்த பேஷண்டப் பாக்கப் போயிடுவாரு. மொதல் கிளிப்பு எங்க போச்சுனு யாருக்கும் தெரியாமத்தானே அன்னிக்கு அப்படி ரத்தமா கக்கின? இது எங்க இருக்குதுனு எனக்குத் தெரியணும்."

கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். என் மானம் மரியாதை எல்லாம் அந்த டப்பாவில்தான் போயிற்று. தினமும் விடிந்ததும், கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், அவள் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டு தேடுவாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பெற்ற குழந்தைக்குக்கூட மூன்று வயதுக்கு மேல் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். நாற்பத்தேழு வயது ஆம்பளைக்கு அவள் செய்தாள். ஜன்னல் வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோபமாக வரும், அதற்குள்ளேயே அழுகையும் வரும்.

ஒரு மாதம் தாண்டியது. கிளிப் வரவில்லை. நந்தினி இளைத்துப்போனாள். மதியம் கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடியே தூங்கிவிழுந்தாள். நான் இருமினால் ஓடி வந்தாள், எச்சில் துப்பினால் நிறம் பார்த்தாள். "தூங்கு நந்தினி" என்றால், "அது வெளிய வரட்டும் மாமா, நான் நிம்மதியாத் தூங்கறேன்" என்பாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தோன்றியது. கிளிப் வந்துவிட்டால் போதும். அது எந்தக் கிளிப் என்பதா முக்கியம்?

கம்பெனியில் என் மேஜையில் பழைய மிஷினிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் ஒன்று கிடந்தது. நூலை இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங். அதை வெட்டி நிமிர்த்தி, போனில் படம் பார்த்து, இரண்டு கால்களும் நுனியில் கொக்கியுமாக வளைத்தேன். மூன்று நாள் டீ நேரமெல்லாம் அதற்கே போனது. பளபளப்பு போக உப்புத்தண்ணீரில் ஊறவைத்தேன். இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் அவ்வளவு நுணுக்கமாக நான் வேறெதையும் செய்ததில்லை. நந்தினியின் லென்ஸுக்குத் தப்ப வேண்டுமே. மார்ச் பதினெட்டாம் தேதி காலை அதை டப்பாவில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன்.

"மாமா!" என்று குழாயடியிலிருந்து ஒரு சத்தம்.

கழுவித் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன். அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு லென்ஸை எடுத்தாள். நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஒரு பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்குது மாமா."

"வயித்துல ஆசிட் இருக்குது இல்ல" என்றேன், பெரிய டாக்டர் போல.

நம்பிவிட்டாள். கூட நாலு துண்டு இருந்தால் சேர்த்துப் பார்த்திருப்பாள். இது ஒற்றைத் துண்டு, எதோடு சேர்த்துப் பார்ப்பது? நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, காலை 6.10 என்று நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள். போட்டேன்.

அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், பண்ணி இருபது வருஷம் கழித்து ஒரு பொய் சொன்னால் குற்றமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாள் வந்தபோது, "பொருளே வெளிய வந்துடுச்சு, இன்னும் எக்ஸ்ரேக்கு எதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரு நாள் லீவு?" என்று நான்தான் சொன்னேன். அவளும் சரி என்றாள். நோட்டில் ஒட்டியாகிவிட்டது அல்லவா.

வலி மாத்திரை நின்றதும் இடுப்பு தன் வேலையைக் காட்டியது. வலி இடுப்பிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து கெண்டைக்காலுக்கும் இறங்கியது. ஜூலையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். நந்தினி என் காலைப் பார்த்து, "ஒரு செருப்பு எங்க மாமா?" என்றாள். வலது கால் செருப்பு வழியில் கழன்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் காலுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊரில், காலில் ஒன்றும் இல்லாததுகூடத் தெரியாமல் நடந்து வந்திருக்கிறேன். பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாதிதான் எழும்பியது.

எலும்பு டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது, தாமதித்தால் பாதம் அப்படியே செயலிழந்துவிடும், உடனே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றார்.

எம்ஆர்ஐ என்றதும் நந்தினி நிமிர்ந்தாள். "கிளிப்பு வந்தது நல்லதாப் போச்சு மாமா" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். கிளிப் போட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டதே, இதற்குள் எப்படியும் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் இந்த நான்கு மாதமும் பொய்யாகிவிடும். அவள் ராஜேஷைக் கடந்து போகும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள் என்பதை ஆறு வருஷமாகப் பார்த்துவருகிறேன். அந்த முகத்தை என் வீட்டில் என்னால் தாங்க முடியாது.

ஸ்கேன் சென்டரில் ஆஃப்ரீன் என்று பேட்ஜ் குத்திய ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். "உடம்புக்குள்ள மெட்டல் ஏதாவது இருக்குதா சார்? பேஸ்மேக்கர், பிளேட், கிளிப்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நந்தினி பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து விரித்தாள். "இருந்துச்சு மேடம். வந்துடுச்சு. இதோ பாருங்க, தேதி நேரம் எல்லாம் போட்டிருக்குது."

ஆஃப்ரீன் வியப்பாகப் பார்த்தாள். "இப்படி யாரும் எடுத்துட்டு வந்ததில்லம்மா. எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"பொருளே கையில இருக்குதே, எதுக்கு மேடம்?"

"ஒரு நிமிஷம், டாக்டர் கிட்ட கேட்டுட்டு வர்றேன். நீங்க அத இந்தப் படிவத்துல எழுதிக் கையெழுத்து போட்டு வைங்க. சார், நீங்க டிரஸ் மாத்திடுங்க."

பச்சை அங்கியை மாட்டிக்கொண்டேன். மோதிரம், கடிகாரம், அரைஞாண் எல்லாம் கழற்றி நந்தினி கையில் கொடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மிஷின் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் முழங்காலில் நோட்டை வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ரெஜிஸ்டரில் எழுதும் அதே குண்டு குண்டான எழுத்து. 'மார்ச் 18 காலை 6.10 மணிக்கு கிளிப் வெளியே வந்துவிட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன்.' எழுதி முடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடப் பேனாவை நகர்த்தினாள்.

உள்ளே போய் எனக்கு ஏதாவது ஆனால், அந்தக் காகிதம் இருக்கும். அதில் அவள் பெயர் இருக்கும். நான் போய்விடுவேன், அவள் அந்த வரியோடு உட்கார்ந்திருப்பாள். சாவைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நந்தினி, அது கிளிப்பு இல்ல."

பேனா நின்றது.

"நான் செஞ்சது. நீ தூங்கணும்னு செஞ்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைத் திறந்து, டேப்புக்கு அடியில் இருந்ததை வெகு நேரம் பார்த்தாள்.

"எதுல செஞ்ச?"

"டென்ஷன் ஸ்பிரிங்ல."

"எந்த மிஷினு?"

"பதினேழு."

தலையை ஆட்டினாள். எழுதிய வரியை அடித்தாள். அதன்மேல், 'கிளிப் வந்ததா தெரியாது' என்று எழுதினாள். ஆஃப்ரீன் திரும்பி வந்ததும் படிவத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, "எக்ஸ்ரே எடுத்துடுங்க மேடம்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

எக்ஸ்ரேயில் கிளிப் இருந்தது. வயிற்றின் நடுவே, வெள்ளையாக, காலை அகட்டி உட்கார்ந்திருந்தது. ஆஃப்ரீன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்ல வேள சார்" என்றாள்.

கிளிப் போட்ட டாக்டரிடமே போனோம். சிலருக்கு இப்படி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட ஒட்டிக்கொண்டு இருக்குமாம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வகைக் கிளிப்போடு எம்ஆர்ஐக்குள் போகக் கூடாது. கால் காத்திருக்காது. "நாளைக்கே குழாய் விட்டு அத எடுத்துடலாம்" என்றார். நந்தினி எல்லாக் கேள்வியையும் கேட்டாள், எல்லாம் டாக்டரிடம்தான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வார்டில் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், போர்வை போர்த்தினாள், மரத்துப்போன பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். எல்லாம் பேசாமலேயே.

"நாலு திட்டாவது திட்டேன்" என்றேன்.

அதற்குத்தான் வாயைத் திறந்தாள். "நீ உள்ள போய் எதுனா ஆயிருந்தா, கொன்னது யாரு மாமா? நான்தானே? என் கண்ணால பாத்தேன்னு என் கையால எழுதிட்டேனே." அப்போதுதான் அழுதாள். என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அவள் கண்ணீர் அதன்மேல் விழுந்தது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நர்ஸ் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தார். தமிழில் அச்சடித்த இரண்டு பக்கம். "படிச்சிட்டு, கூட இருக்கறவங்க கீழ ஒரு கையெழுத்து போடுங்க. இப்ப வந்து வாங்கிக்கறேன்."

நந்தினி பேனாவை வாங்கினாள். காகிதத்தின்மேல் கையை வைத்தாள். கை நகரவில்லை. தினமும் முப்பது கையெழுத்துப் போடுகிறவள். இரண்டு முறை முயன்றாள். பிறகு படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீ படி மாமா."

"நீயே படிக்கலாமே, நந்தினி. கண்ணாடி இருக்குதே."

"எனக்கு வேணாம். நீ படி. நீ இன்னா படிக்கறியோ அத நம்பிப் போடறேன்."

என்ன கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. காகிதத்தை வாங்கினேன். படித்தேன். நோயாளியின் பெயர், வயது, செய்யப்போகும் சிகிச்சை, மயக்க மருந்து. அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளிப்பை அகற்றும்போது மீண்டும் இரத்தக்கசிவு ஏற்படலாம். அரிதாக இரைப்பையில் துளை விழலாம், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மிக அரிதாக..."

நிறுத்தினேன். அடுத்த வரி என் கண்முன்னால் இருந்தது. அதைத் தாண்டிப் போவது ரொம்பச் சுலபம். தாண்டினால் அவளுக்குத் தெரியவே தெரியாது. அன்று பேசினைப் பிடித்த கை அவளுடையது. அந்தக் கைக்கு இந்த வரியையும் கொடுக்க வேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது.

"மிக அரிதாக, உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்று படித்தேன்.

அவள் முகம் சுருங்கியது. கண்ணை மூடித் திறந்தாள். கட்டிலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ம். மேல படி."

இன்னும் ஒரு பக்கம் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன்.